இரும்பு லொறிக்குக் கொடுக்க முன் ஒரு சொல்



அன்பான ஊரவர்களே, பெற்றோர்களே, எங்களிடம் படித்துப் போன பிள்ளைகளே!

இது நீளமான பதிவு. பிளேன்டீ ஒன்றை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். கோபம் ஆறிய பிறகு கோடிப்பக்கம் போய், அங்கே மதிலில் சாத்தி வைத்திருக்கும் பழைய சைக்கிளை ஒருதரம் தொட்டுப் பாருங்கள்.

"பழைய இரும்பு, பழைய பெட்டரி, உடைஞ்ச சைக்கிள் இருந்தா கொண்டு வாங்க" என்று ஒலிபெருக்கி கட்டிய லொறி நம் தெருக்களில் அடிக்கடி வந்து போகிறது. அதன் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? தகரமும் உடைந்த காற்றாடியும் இருக்கும் இடத்தில் முழுசு முழுசாகச் சைக்கிள்கள் கிடக்கின்றன. லுமாலா, ஹீரோ, எப்போதாவது ஒரு ரலி, ஒரு ஹம்பர். பெண்பிள்ளைகளின் சைக்கிள்களும் உண்டு. கூடை கூடக் கழற்றப்படவில்லை. சட்டம் நேராக இருக்கிறது, றிம் நேராக இருக்கிறது. ஆனால் பெடல் சுற்றாது, சீட் அசையாது, செயின் கம்பி போல நிற்கும். "அது போச்சு சேர், இறுகிட்டு" என்ற ஒரே வார்த்தையோடு கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுத்து விடுகிறோம்.

நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். அந்தச் சைக்கிள்களில் பெரும்பாலானவை செத்துப் போனவை அல்ல. நாலைந்து இடங்களில் இறுகிப் போனவை. இறுகினதை இளக்கலாம். அதற்குத் தேவை ஒரு போத்தல் மண்ணெண்ணெய், சரியான ஸ்பானர் இரண்டு மூன்று, எந்தப் பக்கம் திருப்புவது என்ற அறிவு, இரண்டு மூன்று நாள் பொறுமை. இதில் நம்மிடம் இல்லாதது கடைசி இரண்டும்தான்.

இதற்குப் போய் இவ்வளவு பெரிய பதிவா என்று கேட்பீர்கள். ஆம். ஏனென்றால் இரும்பு லொறியில் சைக்கிள் போகும் அதே தெருவில் பிள்ளைகள் நடந்து வருகிறார்கள்.

நடந்து வரும் பிள்ளைகள்

வாவிக் கரைப் பக்கம் குடியேறியிருக்கும் குடும்பங்களை எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து பாடசாலைக்கு வரும் பிள்ளை வெயிலில் நடந்து, காலைக் கூட்டம் முடிந்த பிறகு வாசலில் வந்து நிற்கிறது. பிந்தி வந்ததற்குக் காரணம் கேட்டால் தலையைக் குனிகிறது. மூன்றாம் பாடவேளையில் தூங்கி விழுகிறது. மாரி தொடங்கினால் வரவே வராது. பின்னேர வகுப்பு வைத்தால் பெண்பிள்ளைகள் நிற்க மாட்டார்கள். மஃரிபுக்கு முன் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டுமே. ஆட்டோவுக்கு மாதாமாதம் கொடுக்க அந்த வாப்பாமாரிடம் காசு இல்லை. கூலிக்குப் போகிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், ஒரு நாள் வேலை இருந்தால் இரண்டு நாள் இருக்காது.

இந்தப் பிள்ளைகளில் யாருக்கும் கெட்டித்தனம் குறைவில்லை. குறைவது இரண்டு சில்லு மட்டும்தான். அந்த இரண்டு சில்லும் உங்கள் கோடியில் கறள் பிடித்து நிற்கிறது.

2022ஐ இவ்வளவு சீக்கிரம் மறந்து விட்டோமா?

2022 ஜூன் 27 நள்ளிரவு தொடக்கம் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. பாடசாலைகள் மூடப்பட்டன. பிறகு கியூ.ஆர். அட்டை வந்தது. பெற்றோல் செட்டில் நாள் கணக்காக வரிசையில் கிடந்தோம். அந்த நேரம் ஊரில் எல்லோரும் தேடியது எதை? சைக்கிளைத்தான். பெரிய பெரிய வாகனம் வைத்திருந்தவர்கள் கூட, மூத்தவாப்பாவின் சைக்கிளை இழுத்தெடுத்துக் கொண்டு கடைக்கு ஓடினார்கள். புதுச் சைக்கிளின் விலை ஏறிய ஏற்றத்தைக் கண்டு வாயைப் பிளந்தோம். சைக்கிள் திருத்தும் பாஸ்மாருக்கு இரவிரவாக வேலை.

பெற்றோல் திரும்பி வந்தது. சைக்கிள் திரும்பவும் கோடிக்குப் போனது. நனைந்து கொண்டு, கிறீஸ் இல்லாமல், காற்றுப் போன டயரில் மழைத்தண்ணி தேங்கிக்கொண்டு. பி.எச்.ஐ. ஐயா வந்து நுளம்புக் குடம்பி இருக்கிறது என்று சொன்னதும் "இதுதான் பிரச்சினை" என்று லொறிக்குக் கொடுத்து விட்டோம். பிரச்சினை சைக்கிளில் இருந்ததா, கவனிக்காதவர்களிடம் இருந்ததா?

யுத்த காலத்தில் பொருளாதாரத் தடை போடப்பட்டிருந்தபோது, யாழ்ப்பாணத்து மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டார்கள். மூட்டையும் விறகும் நோயாளியும் சைக்கிளில்தான் போனார்கள். இந்த நாட்டில் கஷ்ட காலம் வந்த போதெல்லாம் கை கொடுத்த வாகனம் இது. அடுத்த கஷ்டம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்குத் தேடினால், உருக்கி வார்க்கப்பட்டுப் போன சைக்கிள் திரும்பி வராது.

"போட்டு அடி" என்கிறவர்களுக்கு

நம்மில் சிலர் லொறிக்குக் கொடுப்பதில்லை. அவர்கள் செய்வது அதைவிடப் பாவம். சுத்தியலை எடுக்கிறார்கள்.

இறுகின நட்டைக் கண்டால் முதலில் குறடு. குறடு வழுக்கி நட்டின் மூலைகள் மழுங்கும். பிறகு பைப் ஸ்பானர். அது மிச்சத்தையும் கடித்துத் தின்னும். பிறகு சுத்தியல். கடைசியில் "இது சரிவராது" என்று தீர்ப்பு. நல்லா இருந்த சாமானைக் கொன்று விட்டு மையத்தைப் பார்த்து நோயைச் சொல்வது போன்ற வேலை இது.

விஞ்ஞானப் பாடத்தில் ஆணியைச் சோதனைக் குழாயில் போட்டுக் காட்டிப் படிப்பித்திருக்கிறோம். கறள் பிடிக்க நீரும் ஒட்சிசனும் வேண்டும், உப்பு இருந்தால் இன்னும் வேகம். பரீட்சைக்கு எழுதிப் புள்ளி எடுத்தீர்கள். நம் ஊர் இருப்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவில். இரண்டு பக்கமும் உப்புக் காற்று. இங்கே ஒரு சைக்கிளைக் கிறீஸ் இல்லாமல் வெளியில் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சோதனைக் குழாய் தேவையில்லை.

பாடத்தில் அதிகம் அழுத்திச் சொல்லாத ஒன்று இருக்கிறது. கறள் என்பது அது தின்ற இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளிதான் இருக்கிறது. அதற்குள் கறள் வளர்ந்தால் ஆப்பு இறக்கின மாதிரி இறுக்கிப் பிடிக்கும். ஆகவே உங்கள் எதிரி இரும்பு அல்ல, நடுவில் இருக்கும் அந்த மெல்லிய கறள் படை. அதை நனைத்து, அசைத்து, உடைத்து வெளியே எடுக்க வேண்டும். பலம் காட்டுவதால் இரும்புதான் உடையும், கறள் அப்படியே இருக்கும்.

எப்படி இளக்குவது?

தெரிந்தவர்கள் சிரிக்க வேண்டாம். தெரியாதவர்களுக்காக எழுதுகிறோம்.

முதலாவது, ஊறப் போடுதல். மண்ணெண்ணெயில் கொஞ்சம் என்ஜின் ஒயில் கலந்து கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் மெலிசு, இடுக்கில் ஒயிலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அது ஆவியாகிப் போனாலும் ஒயில் உள்ளே தங்கும். டபிள்யூ.டி. 40 ரின் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. தேங்காய் எண்ணெய் விட வேண்டாம். அது இந்த வேலைக்குத் தடிப்பு, தூசியையும் சேர்த்துக்கொள்ளும். கம்பித் தூரிகையால் வெளிக் கறளைத் துடைத்து விட்டு, காலையும் மாலையும் சில துளிகள். இரண்டு மூன்று நாள். ஒவ்வொரு தடவையும் ஸ்பானரின் பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். அடிக்க அல்ல, தட்ட. அந்த அதிர்வில் கறள் வெடிக்கும், எண்ணெய் உள்ளே போகும்.

இரண்டாவது, ஸ்பானர். நட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பானர். திருகிக் கூட்டிக் குறைக்கும் ஸ்பானரை இறுகின நட்டில் வைக்காதீர்கள். கழற்ற முன்பு ஒரு சொட்டு இறுக்கிப் பாருங்கள். "டிக்" என்று ஒரு சத்தம் வந்தால் கறள் விட்டுக் கொடுத்து விட்டது. பிறகு முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்துக் கழற்றுங்கள்.

மூன்றாவது, திசை. ஊரில் பாதிச் சைக்கிள்கள் செத்தது இந்த ஒரு விடயம் தெரியாததால்தான் என்று நினைக்கிறோம். வலது பெடல் வழமையான வலம்புரி. இடது பெடல் இடம்புரி. இடது பெடலை வழமை போலக் கழற்றப் போகிறவர் உண்மையில் அதை இன்னும் இறுக்கிக் கொண்டிருக்கிறார். ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு வழி: சைக்கிளை நிமிர்த்தி நிற்பாட்டி, ஸ்பானர் மேல்நோக்கி நிற்கும்படி வையுங்கள். பின்சில்லுப் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் கழரும். முன்சில்லுப் பக்கம் தள்ளினால் இரண்டும் இறுகும். 15 மில்லிமீற்றர் மெல்லிய ஸ்பானர் பெரும்பாலும் பொருந்தும்.

கிரேங்க் அச்சுப் பகுதியில் இதற்கு நேர்மாறு. சாதாரணப் பெரிய சைக்கிள்களில் செயின் பக்கத்துக் கப்தான் இடம்புரி. மற்றப் பக்கம் வழமையான புரி, மேலே லொக் ரிங் இருக்கும். வீட்டில் நொட்டிங்ஹாம் ரலி இருந்தால் கூடுதல் கவனம். மற்றவற்றில் அந்தக் கப்பின் புரி அங்குலத்துக்கு 24, பழைய ரலியில் 26. அதை அடித்து உடைத்து விட்டுக் கடையில் போய்க் கேட்டால், கடையில் இருக்கும் கப் ஏறாது. சுத்தியல்காரர்கள் இதை இரண்டு தரம் வாசிக்கவும்.

கொட்டர் பின்: பழைய சைக்கிளில் கிரேங்கை அச்சோடு பிடித்து வைத்திருக்கும் ஆப்பு. இதற்கு அடி தேவைதான். ஆனால் அந்தரத்தில் நிற்கும் கிரேங்கில் அடித்தால் அடி முழுவதும் உள்ளே இருக்கும் குண்டுகளுக்கும் கப்புக்கும் போகும், பின் அசையாது. நட்டைத் தளர்த்தி, புரியின் நுனியோடு மட்டமாக நிற்கும்படி விடுங்கள். அது புரியைக் காப்பாற்றும். ஒரு இரும்புக் குழாய்த் துண்டை நிலத்தில் நிமிர்த்தி, அதன் மேல் கிரேங்கைத் தாங்க வையுங்கள். பின்னின் தலை குழாயின் ஓட்டைக்குள் விழ வேண்டும். இப்போது நேராக, பலமாக ஒரு அடி. நூறு சின்ன அடி பின்னை நசுக்கும். ஒழுங்காகத் தாங்கிக் கொடுத்த ஒரு அடி அதை வெளியே தள்ளும்.

ஹேண்டில்: மேலே இருக்கும் போல்ட்டை முழுவதும் கழற்றாதீர்கள். ஒரு சென்ரிமீற்றர் அளவு தளர்த்தி, மேலே ஒரு மரத்துண்டை வைத்துத் தட்டுங்கள். உள்ளே இருக்கும் ஆப்பு கீழே விழும். பிறகு முன்சில்லை முழங்கால்களுக்கு இடையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை இடமும் வலமும் திருப்புங்கள்.

சீட் கம்பி: இதுதான் பெரிய தலையிடி. பிள்ளையின் உயரத்துக்குச் சீட்டைப் பதிக்க முடியாததால் மட்டும் தூக்கிப் போட்ட சைக்கிள்கள் ஏராளம். போல்ட்டை முழுசாகக் கழற்றுங்கள். மேலிருந்து எண்ணெய் விடுங்கள். கிரேங்க் அச்சைக் கழற்ற முடிந்தால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் கீழ்ப்பக்கத்தால் விடுங்கள், அது கம்பியின் உள் முனை வரை போகும். இரண்டு மூன்று நாள் கழித்து, ஒரு கேத்தல் கொதிநீரைக் கம்பியில் படாமல் சட்டத்துக் குழாயின் கழுத்தில் மட்டும் ஊற்றுங்கள். சூட்டில் வெளிக்குழாய் முதலில் விரியும். அந்த நேரம் சீட்டைப் பிடித்துத் திருப்புங்கள். மேலே இழுக்காதீர்கள், திருப்புங்கள். அசையாவிட்டால் கம்பியை மேசை வைஸில் கடிக்க வைத்து முழுச் சைக்கிளையும் மெதுவாகச் சுழற்றுங்கள். கம்பி அலுமினியமாக இருந்தால் சூடு காட்ட வேண்டாம். அலுமினியம் உருக்கை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், இன்னும் இறுகும். அதற்கு ஐஸ் வைத்துக் குளிராக்க வேண்டும்.

செயின்: கழற்றி மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊற விட்டு, ஒவ்வொரு கண்ணியாக வளைத்து நிமிர்த்துங்கள். அடிமட்டம் வைத்துப் பாருங்கள். 12 அங்குலம் இருக்க வேண்டிய நீளம் 12 அங்குலமும் எட்டில் ஒன்றும் ஆகிவிட்டால் அது தேய்ந்த செயின், மாற்றுங்கள். அது வரைக்கும் அது நல்ல செயின்தான்.

பிரீவீல்: முன்னால் மிதித்தால் பிடிக்காமல் வழுக்குகிறது, அல்லது பின்னால் சுற்ற மறுக்கிறது என்றால் உடனே புதிசு வாங்க ஓடாதீர்கள். சில்லைப் படுக்க வைத்து, உள் வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கில் மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றுங்கள். கறுப்புத் தண்ணி வரும். தெளிந்து வரும் வரை விடுங்கள். பிறகு சில துளி ஒயில். மாற்றத்தான் வேண்டும் என்றால், கம்பிகளை வெட்ட முன் பிரீவீலைக் கழற்றுங்கள். கம்பியை வெட்டிய ஹப்பில் பிடித்துத் திருப்ப ஒன்றும் இருக்காது. றிம் மாற்றப் போய் ஹப்பையும் இழந்தவர்கள் நிறையப் பேர்.

சின்ன நட்டு, வொஷர், கொழுக்கி எல்லாவற்றையும் வினாகிரியில் ஒரு இரவு போடுங்கள். அசற்றிக் அமிலம் கறளைக் கரைக்கும். காலையில் அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, உடனே ஒயில் பூசுங்கள். பூசாவிட்டால் அடுத்த நாளே கறள் திரும்பி வரும். வினாகிரியோடு குளோரின் கலந்த வெளிற்றும் திரவம் எதையும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும்.

இன்னும் மூன்று எச்சரிக்கை. மண்ணெண்ணெய் விட்ட இடத்தில் நெருப்புக் காட்ட வேண்டாம். சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துச் சுத்தியல் அடிக்க வேண்டாம், இரும்புத் துகள் கண்ணுக்குப் போகும். பிரேக் கட்டையிலும் றிம்மிலும் ஒரு சொட்டு ஒயில் கூடப் படக் கூடாது.

"இவ்வளவு பாடுபடப் புதிசு வாங்கலாம்" என்கிறவர்களுக்கு

வாங்கக் கூடியவர் வாங்கட்டும். வாங்க முடியாதவர் பற்றியல்லவா பேசுகிறோம்?

மேலே எழுதியதை இன்னொரு தரம் வாசியுங்கள். பெரும்பாலான நேரம் வேலை செய்வது மண்ணெண்ணெய். நாம் செய்வது காத்திருப்பது. காலையில் சுபஹு தொழுதுவிட்டு வரும்போது நாலு துளி, பின்னேரம் அஸருக்குப் பிறகு நாலு துளி. இதற்கு எந்தச் சம்பளமும் இல்லை. போனைப் பார்த்துக் கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு பங்கு போதும்.

பழைய பெரிய சைக்கிளின் சட்டம் தடித்த உருக்குக் குழாய். முன்னுக்கு மீன் பெட்டியும் பின்னுக்கு அரிசி மூட்டையும் சுமந்தது. அதற்குள் ஓடும் குண்டுகள் இன்றைக்கும் கடையில் கிடைக்கும் அதே அளவுகள்தான். பின் ஹப்புக்குக் கால் அங்குலம், முன் ஹப்புக்குப் பதினாறில் மூன்று அங்குலம். குண்டும் கிறீஸும் மாற்றினால் அந்த வண்டி இன்னும் பல வருடம் ஓடும்.

எல்லாவற்றையும் காப்பாற்றலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சட்டத்தில் வெடிப்பு இருந்தால், குழாயை நகத்தால் தட்டும்போது செத்த சத்தம் வந்து கறள் உள்ளே வரை தின்றிருந்தால், முன் போர்க் வளைந்து கழுத்து முறிந்திருந்தால், அதைப் பிள்ளையிடம் கொடுப்பது அநியாயம். அதைக் கழற்றி, நல்ல நட்டும் பெடலும் எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தை லொறிக்குக் கொடுங்கள். ஆனால் அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

அன்பளிப்பு விழாக்காரர்களுக்கு

இது கசக்கும். ஆனாலும் சொல்ல வேண்டும்.

வருடத்துக்கு ஒரு தடவை பெரிய பதாகை கட்டி, கதிரை போட்டு, அதிதிகளை அழைத்து, பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிற்பாட்டிப் புதுச் சைக்கிள் கொடுக்கிறோம். பிள்ளையின் முகம், அதிதியின் முகம், பதாகை மூன்றும் தெரியும்படி படம். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. அல்லாஹ் கூலி தரட்டும். ஆனால் அந்தச் சைக்கிள்களில் எத்தனை இன்றைக்கு ஓடுகின்றன என்று யாராவது போய்ப் பார்த்தோமா? கொடுக்கும்போது ஒரு ஸ்பானரும் ஒரு ரின் கிறீஸும் சேர்த்துக் கொடுத்தோமா? செயினுக்கு எப்போது ஒயில் விடுவது என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தோமா? இல்லை. ஒரு மாரி போனதும் அதுவும் இறுகும். அடுத்த வருடம் அதுவும் லொறியில்.

புதிசு கொடுப்பவருக்குப் படம் இருக்கிறது. பழையதைத் திருத்திக் கொடுப்பவருக்குக் கையில் கறுப்புத்தான் மிச்சம். அதனால்தான் முதலாவதுக்கு ஆள் இருக்கிறது, இரண்டாவதுக்கு ஆள் இல்லை. வீண்விரயம் கூடாது என்று ஜும்ஆக்களில் கேட்கிறோம். சோற்றுக் கோப்பையை மட்டும்தான் நினைக்கிறோம். ஓடக்கூடிய சைக்கிளை உருக்கக் கொடுப்பது விரயத்தில் சேராதா?

சைக்கிள் என்றால் கேவலமா?

இன்னொரு நோயும் உண்டு. "சேர்ட மகன் சைக்கிள்லயா வாறான்?" என்று கேட்கிற வாய். கொழுத்த சம்பளம் எடுக்கிறவரின் பிள்ளை நடந்து போகும் தூரத்துக்கும் மோட்டார் சைக்கிள். பதினாறு வயது நிரம்பாத பையனின் கையில் திறப்பைக் கொடுக்கிற வாப்பாமார், அவன் விழுந்து கால் முறிந்த பிறகுதான் அழுகிறார்கள். சைக்கிள் ஓட்டினால் மானம் போகும் என்று நினைக்கிற ஊரில், சைக்கிளைத் திருத்துகிறவருக்கு என்ன மரியாதை கிடைக்கும்?

சந்தியில் குந்தியிருந்து பஞ்சர் ஒட்டும் பாஸைப் பாருங்கள். மேலே நாங்கள் எழுதிய அத்தனையும் அவருக்குக் கைப்பழக்கம். இடம்புரி வலம்புரி அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அவருக்குப் பிறகு அந்தக் கையைப் பழகுவதற்கு ஒரு பிள்ளையும் இல்லை. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் தொடங்கியது. பிள்ளைகள் முறுக்கத்தையும் உராய்வையும் கொப்பியில் கணக்காகச் செய்கிறார்கள். ஆனால் ஒரு கொட்டர் பின்னைக் கையால் கழற்றிப் பார்த்த பிள்ளையைத் தேட வேண்டியிருக்கிறது. அந்த பாஸையும் இந்தப் பிள்ளைகளையும் ஒரே மேசையில் இருத்த நம்மால் முடியாதா?

ஆகவே கேட்பது இதுதான்

ஒன்று: கோடியில் நிற்கும் சைக்கிளை லொறிக்குக் கொடுக்க முன் பாடசாலைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். படிப்பிக்கும் சிலரும் உயர்தரப் பிள்ளைகள் சிலரும் சேர்ந்து சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு பாடசாலைப் பின் மண்டபத்தில் இருப்போம், இன்ஷா அல்லாஹ். கொண்டுவர முடியாவிட்டால் நாங்களே வந்து எடுப்போம்.

இரண்டு: சைக்கிள் இல்லாதவர்கள் ஒரு போத்தல் மண்ணெண்ணெய், ஒரு ரின் கிறீஸ், பாவிக்காத ஸ்பானர் தாருங்கள். ஸதகா என்றால் பெரிய தொகைதான் என்றில்லை.

மூன்று: சைக்கிள் பாஸ்மார்களே, மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து சொல்லித் தாருங்கள். இனாமாக அல்ல. உங்களுக்குரிய கூலியைச் சேர்த்துத் தருவது எங்கள் பொறுப்பு. மேடையில் பேச வருகிறவருக்குப் பொன்னாடை போடும் ஊர், கை வேலை சொல்லித் தருகிறவருக்குக் கூலி கொடுக்கத் தயங்கக் கூடாது.

நான்கு: திருத்திய சைக்கிள் பிள்ளைக்குப் போகும்போது விழா இல்லை, பதாகை இல்லை, படமும் இல்லை. வாங்கும் பிள்ளையின் பெயரை யாரும் அறிய வேண்டியதில்லை. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. திருத்தும்போது அந்தப் பிள்ளையும் பக்கத்தில் இருந்து கையில் கறுப்புப் பூசிக்கொள்ள வேண்டும். பெண்பிள்ளைகளும்தான்.

ஐந்து: இதுதான் முக்கியம். கழற்றின எதையும் கிறீஸ் பூசாமல் திரும்பப் பூட்டாதீர்கள். சீட் கம்பி, பெடலின் புரி, ஹேண்டில் கம்பி, ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் நுனி கிறீஸ். வருடத்தில் ஒரு தடவை, மாரி தொடங்க முன், சீட் கம்பியையும் ஹேண்டிலையும் ஒருமுறை இளக்கித் திரும்பப் பூட்டுங்கள். பெடலைக் கழற்றிக் கிறீஸ் போடுங்கள். உப்புக் காற்று நிற்காது. நாமும் நிற்கக் கூடாது.

கறள் ஒரே நாளில் பிடிப்பதில்லை. ஒரே நாளில் விடுவதும் இல்லை. இன்றைக்கு இரவு அந்தச் சைக்கிளின் பெடல் அடியில் நாலு துளி விட்டு விட்டுத் தூங்குங்கள். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு சந்திப்போம்.

பயன் என்று கண்டால் பகிருங்கள். பிழை என்று கண்டால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறோம்.

வஸ்ஸலாம்.